கண்ணமாலியில் நின்றுபோன வண்டி

போன மாதம் ஆலுவாவிலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். பழைய மோட்டார் சைக்கிள்களின் மேக்னெட்டோவுக்குக் கம்பி சுற்றுகிறவர்கள். அவர்களிடம் இருப்பது கணினி வைத்த இயந்திரம். எத்தனை சுற்று என்று சொல்லிவிட்டால் அதுவே எண்ணி, அதுவே நின்றுவிடுமாம். கம்பி அறுந்தால் மணி அடிக்குமாம். கைப்பேசியில் அது ஓடுவதைக் காட்டினார்கள். எனக்கு ஆசை ஆசையாக இருந்தது. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் என் கழுத்துவலி பாதி குறைந்திருக்கும்.

கிளம்பும்போது அவர்களில் ஒருவர் கேட்டார்: "சேச்சி, சுற்றி முடிச்சதைச் சூடாக்கித்தான் சோதிக்கணும்னு இங்க எல்லாருக்கும் சொன்னது நீங்கதானாம். அது எங்கே படிச்சீங்க?"

எங்கேயும் படிக்கவில்லை. நான் செய்த ஒரு தப்பில் படித்தது. அதை எழுதித் தரும்படி கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது மலையாளம். தமிழ் எழுத்து, மிளகுக் கிடங்கில் வேலை பார்த்த என் அப்பா சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுத வருகிறது. எழுதுகிறேன்.

மேக்னெட்டோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. பழைய இங்கிலீஷ் வண்டிகளுக்கு பாட்டரி இல்லாமலே தீப்பொறி உண்டாக்கிக் கொடுக்கும் பெட்டி அது. உள்ளங்கையில் அடங்கும். அதற்குள் ஆர்மேச்சர் என்ற ஓர் இரும்புத் துண்டு சுழலும். அதன் மேல் தடித்த கம்பி நூற்றெழுபது சுற்று, அதற்கும் மேல் தலைமுடியை விட மெல்லிய கம்பி பத்தாயிரம் சுற்று. ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் காகிதம். எல்லாம் முடிந்ததும் அரக்கு வார்னிஷில் முக்கி, மெல்லிய சூட்டில் காயவைக்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒரு சுற்று கீறினாலும் வண்டி கிளம்பாது.

எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணத்துக்கு முன், கொச்சி வெலிங்டன் தீவில் ஒரு சின்னப் பட்டறையில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். துறைமுகத்துப் பம்புகளின் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் இடம். நுணுக்கமான கம்பிக்குப் பெண்களின் விரல் நல்லது என்று யாரோ சொல்லி, எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்களை எடுத்தார்கள். மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து தினமும் காலைப் படகு. மற்றவள் மூன்றாம் மாதம் நின்றுவிட்டாள். எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

அங்கே எங்களுக்கு மேலே இருந்தவர் அவராச்சன் சார். வெள்ளை முண்டு, அரைக்கைச் சட்டை, காதில் பென்சில். அவர் திட்டி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. காலையில் நாங்கள் உட்காரும் முன் வாசலில் நிற்பார். "கை கழுகியோ?" என்பார். கழுவியிருந்தாலும் மறுபடி சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கொச்சிக் காற்றே உப்பு. அதோடு விரல் வேர்வையும் சேர்ந்தால் மெல்லிய கம்பியில் பச்சை பூத்து ஆறு மாதத்தில் அறுந்துவிடும். அதை அவர் வாயால் சொல்லவில்லை. அப்படி அறுந்த ஒரு கம்பியை என் மேஜையில் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

சுற்றி முடித்த ஒவ்வொரு சுருளிலும் ஒரு அட்டை கட்டுவோம். கம்பியின் கனம், சுற்றின் எண்ணிக்கை, நம் பெயர். அவர் வந்து பார்ப்பார். சரியாக இருந்தால் எடுத்துக்கொண்டு போவார். சரியில்லை என்றால் அட்டையைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே தேட வேண்டும்.

ஒருமுறை கவிழ்ந்த அட்டையோடு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். சுருளைப் பிரித்தேன், அளந்தேன், மீண்டும் சுற்றினேன். ஒரு குறையும் இல்லை. மூன்றாம் நாள் அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் உறைத்தது: சுற்ற ஆரம்பிக்கும்போதே, பிறகு எழுத நேரம் மிச்சமாகும் என்று, முழு எண்ணிக்கையையும் அட்டையில் எழுதிவிட்டிருந்தேன். அதை அவர் பார்த்திருக்கிறார். எண் சரி. அதை எழுதிய நேரம் தப்பு. பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, சுருளை மீண்டும் எண்ணிச் சுற்றி, முடித்த பிறகு புதிய அட்டை எழுதிக் கட்டினேன். அவராச்சன் சார் வந்தார், பார்த்தார், எடுத்துக்கொண்டு போனார்.

கல்யாணத்துக்காக வேலையை விட்ட அன்று எல்லோரும் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் என் மேஜைக்கு வந்து, பாதி சுற்றிய ஒரு சுருளைச் சுட்டிக்காட்டி, "இது ஆரு முடிக்கும்?" என்றார். அதை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் படகு ஏறினேன்.

என் கணவர் பெயர் மணி. ஒரு பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். முழங்கால் அடிபட்ட பிறகு, எங்கள் வீட்டுப் பின்புறத்தில் தகரக் கூரை இறக்கி, பழைய மோட்டார் சைக்கிள்களை மட்டும் எடுத்துப் பழுதுபார்க்கத் தொடங்கினார். தோட்டக்காரத் துரைகள் விற்றுவிட்டுப் போனது, பட்டாளத்தில் ஏலம் விட்டது என்று அப்போது கொச்சியில் அந்த வண்டிகள் நிறைய ஓடின. எஞ்சினை அவர் பார்த்துக்கொள்வார். மேக்னெட்டோ செத்தால் மட்டும் கோயம்புத்தூருக்கு அனுப்புவார். திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

முதல் குழந்தை நடக்க ஆரம்பித்த சமயம், அப்படி அனுப்ப வைத்திருந்த ஒன்றை நான் எடுத்துப் பிரித்தேன். அவர் வந்து பார்த்துத் திகைத்து நின்றார். என்னைப் பாரு என்றுதான் கூப்பிடுவார்.

"பாரு, இதை நீ திரும்பச் சேர்த்துருவியா?"

"சேர்க்கலைன்னா கோயம்புத்தூருக்கு அனுப்பிருங்க. எப்படியும் செத்துக் கிடக்கிறதுதானே."

ஒரு பழைய தையல் இயந்திரத்தின் கைச்சக்கரத்தை வைத்து எனக்குச் சுற்றும் கருவி செய்துகொடுத்தார். எண்ணுவதற்கு ஒரு வண்டியின் கிலோமீட்டர் காட்டும் மீட்டர். காயவைக்க, பிஸ்கட் டின்னுக்குள் நூறு வாட்ஸ் பல்பு. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் கிடங்குகள். சுக்கு மூட்டை இறக்கும் நேரம் ஜன்னலைச் சாத்திவிடுவேன். அந்தத் தூசி கம்பிக்கு ஆகாது, எனக்கும் ஆகாது. நான் சுற்றிய முதல் மேக்னெட்டோ முதல் உதையிலேயே பொறி விட்டது. இவர் என்னைத் தூக்கிச் சுற்றாத குறை.

ஆனால் அந்த வண்டிக்காரர் வந்து, "வைண்டிங் எங்கே கொடுத்தே மணி?" என்று கேட்டபோது, இவர் வாயில் பழக்கத்தில் "கோயம்புத்தூர்" என்று வந்துவிட்டது. அடுத்தவரிடமும் அதே. பொம்பளை வீட்டில் உட்கார்ந்து சுற்றியது என்று சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம். முதலில் எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. மூன்று நாளில் முடித்ததை அரிசி டின்னுக்குள் வைத்துவிட்டு, கோயம்புத்தூர் போய் வருவதற்கு ஆகும் நாட்களைக் கடத்துவோம். ஒருநாள் ஒருவர் நான் கொடுத்த சாயாவைக் குடித்துக்கொண்டே, "கோயம்புத்தூர்காரனோட கை கைதான்" என்றார். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்படியே மூன்று வருடம் ஓடியது.

இனி மேனன் டாக்டரின் வண்டி.

அவர் கால்நடை டாக்டர். சென்னையில் படித்தவர், எங்களோடு தமிழிலேயே பேசுவார். தோப்பும்படியிலிருந்து கடலோரமாகச் செல்லானம் வரை இருந்த மாடுகளுக்கெல்லாம் அவர்தான். பெரிய காளை மாதிரி ஒரு பழைய ஒற்றைச் சிலிண்டர் வண்டி வைத்திருந்தார். அதன் மேக்னெட்டோவை நான் சுற்றினேன். உள்ளே கண்டென்சர் என்று ஒரு சின்ன உறுப்பு உண்டு, விரல் நுனி அளவு. பழையது போயிருந்தது. அதே மாதிரி கிடைக்காததால், எர்ணாகுளம் பிராட்வேயில் ரேடியோ சாமான் கடையில் அளவு பார்த்து வாங்கிவந்து பொருத்தினேன். அந்தக் கடையில் ஐந்து வாங்கியிருந்தேன். அது ஐந்தாவது.

இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் ஒருநாள், கண்ணமாலியில் நடுரோட்டில் நின்றுபோனது. ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே கிளம்பியது. எங்களிடம் கொண்டுவந்தார். இங்கே முதல் உதையில் கிளம்பியது. நான் கழற்றி எல்லாம் அளந்து பார்த்தேன். குறை இல்லை. மீண்டும் போனார், மீண்டும் ஏறக்குறைய அதே இடம். அருமையான வைண்டிங், நான் சுற்றியதிலேயே நல்லது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கார்புரேட்டராக இருக்கும் என்று இவரிடம் சொன்னேன். இவர் இரண்டு நாள் கார்புரேட்டரைக் கழுவினார்.

மூன்றாவது தடவை டாக்டர் வண்டி இல்லாமல் வந்தார். பஸ்ஸில் வந்திருந்தார். சட்டை முழங்கை வரை கறை. பின்புறத்துக்கு நேராக நடந்து போனார். நான் உள்ளே சுற்றிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

"மணி, அந்தக் கோயம்புத்தூர்காரன் விலாசம் எடு."

"எதுக்கு சார்? நான் எழுதுறேன். அவன்கிட்ட நான் கேட்கிறேன்."

"நீ எழுதி? செல்லானத்துல ஒரு பசு, கன்னு குறுக்கே கிடந்தது. ஆள் அனுப்பியிருந்தாங்க. கண்ணமாலியில வண்டி நின்னுபோச்சு. பஸ்ஸு இல்ல. நான் நடந்தேன். நான் போய்ச் சேர்றப்ப பசுவுக்கு உயிர் இல்ல. கன்னை மட்டும் எடுத்தேன். ஒரு வீட்டுக்கு அந்த ஒரு பசுதான் மணி."

இவர் ஸ்பானரை எடுக்கும் சத்தம் கேட்டது.

"விலாசம் குடு. நான் நேரா போய் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்கணும்."

"அவன் இப்ப கொஞ்ச நாளா கவனக்குறைவாத்தான் செய்யறான் சார்..." என்று இவர் ஆரம்பித்தார்.

இவர் மேல் கோபத்தில் இதை நான் எழுதவில்லை. அவரை எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். இல்லாத ஒருவன் தலையில் பழியைப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கையிலிருந்த கம்பி அறுந்தது. மூன்று வருடமாகப் பாராட்டு எல்லாம் அவனுக்குப் போனபோது எனக்கு வலித்தது உண்மை. இன்று பழியும் அவனுக்கே போகட்டும் என்று நான் உள்ளேயே உட்கார்ந்திருந்தால், அப்புறம் எந்தச் சுருளில் என் பெயரை எழுதுவேன்?

எழுந்து வெளியே போனேன்.

"டாக்டர், கோயம்புத்தூர்ல யாரும் இல்ல. அது நான் சுத்தினது."

டாக்டர் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். இவர் ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். வண்டிகள் எல்லாம் போய்விடும், கூரைத் தகரம் மட்டும் மிஞ்சும் என்று நினைத்தேன்.

"நீயா?" என்றார். என் விரல்களைப் பார்த்தார். "எத்தனை சுத்து?"

"உள்ளே நூத்தெழுபது. வெளியே பத்தாயிரம்."

அங்கிருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "சரி. எங்க தப்பு?"

"தெரியல டாக்டர். இங்க வந்து சேர்றப்ப ஆறிடுது. ஆறினா எல்லாம் சரியாத்தான் காட்டுது. நின்னுபோன அந்த நிமிஷத்துல, அங்கேயே கழட்டிப் பார்க்கணும்."

"மாட்டுக்கும் அப்படித்தான். வலி வர்றப்ப பார்க்கணும்" என்று எழுந்தார். "வண்டி ஆறினதும் கிளம்பிச்சு, வீட்டுல போட்டுட்டுதான் வந்தேன். நாளைக்குக் காலையில அங்க வா. ரெண்டு பேரும் வாங்க."

அவர் போன பிறகு இவர் கருவிகளை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார். கடைசியில், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது பாரு" என்றார். "முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாது." அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசவும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். டாக்டர் வண்டியை ஓட்ட, நான் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் ஸ்பானர் பை. இவர் இன்னொரு வண்டியில் பின்தொடர்ந்தார். பள்ளுருத்தியில் கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கப்பட நேரமில்லை. எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். கண்ணமாலி நெருங்கும்போது சத்தத்தில் ஒரு தடுமாற்றம். ஒரு இருமல். நின்றுவிட்டது.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலைமேல் வைத்தேன். மேக்னெட்டோ மூடியைத் திறந்தேன். உள்ளே பாயிண்ட் என்று இரண்டு சின்ன முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். வெயிலில் எதுவும் தெரியவில்லை. டாக்டர் தன் கறுப்புக் குடையை விரித்து என் தலைக்கு மேல் பிடித்தார். அதுவும் போதவில்லை என்று தன் கோட்டையும் போர்த்தினார். அந்த இருட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, "உதைங்க" என்றேன்.

இவர் உதைத்தார்.

பிளக்கில் பொறி மங்கலாக, செத்ததுபோல் இருந்தது. பாயிண்டில் கொழுத்த நீலப் பொறி. வரக்கூடாத இடத்தில் வந்துகொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி உதைக்கச் சொன்னேன். மறுபடி ஐந்து நிமிடம். வண்டி ஆற ஆற, பாயிண்டில் பொறி மெலிந்தது, பிளக்கில் பொறி தெளிந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் ஒழுங்கு. சுற்றி நின்ற மீன்காரர்கள், டாக்டர் வண்டிக்குள்ளே எதையோ பிரசவம் பார்க்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

கோட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தேன். "கண்டென்சர்" என்றேன். பாயிண்டில் பொறி வராமல் அடக்குவதுதான் அதன் வேலை.

கழற்றிப் பிளந்து பார்த்தால் உள்ளே மெழுகு உருகி வழிந்து உறைந்திருந்தது. ரேடியோவுக்காகச் செய்தது, ரேடியோ வீட்டுக்குள் நிழலில் உட்கார்ந்திருக்கும். நான் அதைக் கொதிக்கும் எஞ்சின் பக்கத்தில் சுழலவிட்டிருந்தேன். என் பத்தாயிரம் சுற்றில் குற்றமில்லை என்று ஒரு கணம் மனசு குளிர்ந்தது உண்மை. மறுகணமே வெட்கமாகிவிட்டது. நான் பெருமைப்பட்டதை மட்டும் திரும்பத் திரும்ப அளந்திருக்கிறேன். வாங்கிப் பொருத்தியதைச் சந்தேகப்படவே இல்லை. அதை வாங்கியதும் நான், பொருத்தியதும் நான்.

"அப்போ கோயம்புத்தூர்காரன் தப்பிச்சான்" என்றார் டாக்டர். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இவ்வளவு தூரம் வந்தாச்சு. அந்த வீட்டுக்குப் போயிட்டுப் போகலாம்" என்றார். இரண்டு வண்டியையும் அங்கேயே நிறுத்திவிட்டு, பஸ்ஸில் போனோம்.

செல்லானத்தில் அந்த வீட்டுக்காரி பெயர் திரேசியாம்மா. புருஷன் இல்லை. தொழுவத்தில் கன்றுக்குட்டி கட்டியிருந்தது. யாரோ கொடுத்த ஆட்டுப்பாலைப் புட்டியில் ஊட்டியிருந்தார்கள். டாக்டர் என்னைக் காட்டி, வண்டி நின்றதற்குக் காரணம் என்னவென்று ஒளிக்காமல் சொன்னார். நான் கைகட்டி நின்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இரிக்கு மோளே" என்று பாய் போட்டாள். உள்ளே போய் மூன்று கிளாஸ் கொண்டுவந்தாள்.

"கட்டன் சாயா ஆணு. பாலில்ல."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அந்தப் பாலில்லாத சாயாவை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

பேச்சில் ஒன்று தெரியவந்தது. அவள் பங்கு வைத்திருந்த நெல்வயலில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோய், அந்த வருடம் விதைப்பே தள்ளிப்போயிருந்தது. "மோட்டார் எனக்குத் தெரியும்" என்றேன். அடுத்த வாரம் அந்த வயல் கொட்டகையிலேயே உட்கார்ந்து நான்கு நாள் சுற்றிக் கொடுத்தேன். தடித்த கம்பி, கை காய்த்துப்போனது. மோட்டார் ஓடித் தண்ணீர் வாய்க்காலை விட்டு வெளியே பாய்ந்தபோது திரேசியாம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பசுவுக்கு அது ஈடில்லை. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அதன் பிறகு அவள் வீட்டு விசேஷம் எதற்கும் எங்களை அழைக்காமல் விட்டதில்லை.

இன்னும் நான்கு வண்டிகளில் அதே கண்டென்சர் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் மாற்று வேண்டும். நான் படகேறி வெலிங்டன் தீவுக்குப் போனேன். கல்யாணத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை. அவராச்சன் சார் அதே மேஜையில் இருந்தார், தலை மட்டும் நரைத்திருந்தது. உருகிய கண்டென்சரை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பசுவையும் சொன்னேன்.

மெழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எழுந்து அலமாரியைத் திறந்தார். கப்பலிலிருந்து கழித்துப்போட்ட ஒரு பழைய கம்பியில்லாத் தந்திப் பெட்டியின் உறுப்புகள் கிடந்தன. அதிலிருந்து மைக்காத் தகடுகளை எடுத்தார். கண்ணாடி போல, விரலால் பிரித்தால் இதழ் இதழாக வரும். ஒரு மைக்கா, ஒரு வெள்ளீயத் தாள், ஒரு மைக்கா என்று அடுக்கி, இரண்டு பக்கமும் தகடு வைத்து இறுக்கி, ஒன்று செய்தார். அடுத்ததை என் பக்கம் தள்ளினார். நான் போய்க் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவர் எதுவும் சொல்லவில்லை. ஆனால் பார்த்தார்.

நான் செய்துமுடித்ததை வாங்கி உடனே அளக்கவில்லை. சாயா போட வைத்திருந்த அடுப்பின் மேல் ஒரு தகரத்தை வைத்து, அதன் மேல் கண்டென்சரை வைத்தார். கை வைக்க முடியாத சூடு ஏறும்வரை காத்திருந்தார். அப்புறம்தான் அளந்தார். ஐந்தையும் அப்படியே. ஐந்தாவது முடிந்ததும், "மதி" என்றார். போதும் என்று அர்த்தம். எனக்கு அது பட்டம் வாங்கியதுபோல் இருந்தது.

அந்த நான்கு வண்டிக்காரர்களிடமும் இவர் தானே போனார். நானும் கூடப் போனேன். ஒவ்வொருவரிடமும் இவர் சொன்னது ஒரே வார்த்தை: "வைண்டிங் என் வீட்டுக்காரி செஞ்சது. கோயம்புத்தூர்னு நான் சொன்னது பொய். ஒரு உறுப்பு சரியில்ல, கழட்டி மாத்தணும்." முதல் வீட்டில் அதைச் சொல்லும்போது அவர் காது சிவந்துபோனது. நான்காவது வீட்டில் சாதாரணமாகச் சொன்னார். மூன்று பேர் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், பொய் சொல்லி வேலை செய்பவர்கள் வேண்டாம் என்று கதவைச் சாத்திவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. கண்டென்சரை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வந்தோம். யாரிடமாவது கொடுத்து மாட்டிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன்.

அதிலிருந்துதான் அந்த வழக்கம். சுற்றி முடித்ததை பிஸ்கட் டின்னில் வைத்து ஒரு மணி நேரம் சூடேற்றி, துணியால் பிடித்து எடுத்து, ஆறுமுன் சோதிப்பேன். அதுவரை அட்டை எழுத மாட்டேன். அட்டையில் என் பெயர், பார்வதி. வேலை குறையும் என்று பயந்தோம். ஆறேழு மாதம் குறையவும் செய்தது. பிறகு மேனன் டாக்டர் போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லி, மூணாறிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மேக்னெட்டோக்கள் பார்சலில் வரத் தொடங்கின. யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் விற்பவர் ஒருவர், கடையில் அழகுக்கு வைத்திருந்த வண்டியைக் கூட ஓடவைத்துத் தரச் சொன்னார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மேனன் டாக்டருக்கு வயநாட்டுக்கு மாற்றல் ஆனது. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் அந்த வண்டியிலேயே போகிறேன் என்றார். நல்ல மேடமாதம், தமிழுக்குச் சித்திரை, வெயில் காய்ந்தது. தாமரச்சேரி மலைப்பாதையில் வரிசையாக ஒன்பது வளைவு ஏற வேண்டும். இவர் எஞ்சினை இறக்கிப் பார்த்து ஏற்றினார். நான் மேக்னெட்டோவை இரண்டு முறை சூடாக்கிச் சோதித்தேன். "பாரு, தோசையா சுடுற?" என்று டாக்டர் கேலி செய்தார். விடிகாலையில் கிளம்பிப் போனார்.

ஒரு வாரம் தகவல் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எட்டாம் நாள் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. என் பெயருக்கு. அதுவரை எனக்கென்று ஒரு கடிதம்கூட வந்ததில்லை. தமிழில் எழுதியிருந்தார், கோணல் மாணலாக:

"ஆறாம் வளைவில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. உச்சிவெயிலில் ஒரு மணி நேரம். எஞ்சின் தொட முடியாத சூடு. வழி விட்டதும் உதைத்தேன். ஒரே உதை. மேலே வந்து சேர்ந்துவிட்டேன். இங்கே நல்ல பசுக்கள். மேனன்."

இவர் அதை வாங்கிச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். பின்புறத்தில் வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்குப் போய் மூன்றாவது தடவை படித்தார். பிறகு கிரீஸ் கையைக் கழுவிவிட்டு வந்து, "பாரு, சேலையை மாத்து" என்றார்.

கருவியில் ஒரு ஆர்மேச்சர் பாதி சுற்றி நின்றிருந்தது. அதன் மேல் துணியைப் போட்டு மூடினேன். குழந்தையைக் கூட்டிக்கொண்டு படகேறி எர்ணாகுளம் போனோம். பிராட்வேயில் வேடிக்கை பார்த்தோம். மசால் தோசை தின்றோம். குழந்தைக்கு ஒரு ஊதல் வாங்கினோம். திரும்பும் படகில் அது ஊதிய ஊதலுக்கு எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். இவர் மட்டும் தாளம் போட்டார். வேலை நாளில், யாருக்கும் காரணம் சொல்லாமல், நான் எடுத்துக்கொண்ட ஒரே விடுமுறை அது.